நகரின் காற்றும் நம் கடமையும்



உணவின்றிச் சில வாரங்களும் நீரின்றிச் சில நாட்களும் உயிர் தரிக்கலாம். காற்றின்றிச் சில நிமிடங்களுக்கு மேல் தரிக்க இயலாது. இதனை உணர்ந்த அரசு வாளா இருக்கவில்லை. 1981-இல் காற்று மாசுத் தடுப்புச் சட்டம் இயற்றப்பட்டது. 2019-இல் தேசியத் தூய காற்றுத் திட்டம் தொடங்கிற்று. அதன் பட்டியலில் நம் பெங்களூரும் இடம்பெற்றது. 2025-26-க்குள் காற்றிலுள்ள நுண்தூசை 40 விழுக்காடு வரை குறைப்பதெனப் பின்னர் இலக்கு வகுத்தனர். 2020 ஏப்ரலில் பாரத் ஆறாம் நிலை விதிகள் நாடெங்கும் நடைமுறைக்கு வந்தன. எரிபொருளில் கந்தகத்தின் அளவு பத்து இலட்சத்தில் 50 பங்கிலிருந்து 10 பங்காகக் குறைந்தது.

ஆயின், சட்டம் தெருத்தெருவாக வந்து காவல் நிற்குமோ? 2016-இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் திறந்த வெளியில் குப்பை எரிப்பதைத் தடை செய்து, 5,000 ரூபாய் அபராதமும் விதித்தது. அவ்வாறிருந்தும், நம் காக்ஸ் டவுனில் சருகுக் குவியலுக்குத் தீயிடும் வழக்கம் முற்றிலும் மறைந்தபாடில்லை. சருகோடு பிளாஸ்டிக்குப் பையும் எரிகின்றது. அந்நச்சுப் புகையை முதலில் நுகர்வோர் யார்? திண்ணையில் அமர்ந்த முதியோரும் பள்ளி செல்லும் நம் குழந்தைகளும் அன்றோ!

ஆதலின் அன்பர்களே, சருகை மக்கச் செய்து செடிக்கு உரமாக்குவோம். ஈரக் குப்பையையும் உலர் குப்பையையும் பிரித்தே கொடுப்போம். கடைத்தெருவுக்கு நடந்தே செல்வோம். தொலைவிடங்களுக்குப் பேருந்தையும் மெட்ரோ ரயிலையும் நாடுவோம். தமிழ் வளர்க்கக் கூடிய நாம், அதனைப் பேசப்போகும் பிள்ளைகளின் மூச்சையும் காப்போமாக!