கடலோர வீடுகளில் எர்த் கம்பி
(தேங்காய்ப்பட்டணத்தில் ஊராட்சி உறுப்பினர்களும் விவசாயிகளும் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரை)



குழித்துறை ஆறு கடலோடு கலக்கும் இவ்வூரில், கதவின் கீலையும் கிணற்றின் கப்பியையும் உப்புக் காற்று எத்துணை விரைவில் அரிக்கிறது என்பதை நாம் அறிவோம். அதே காற்று நம் வீட்டு எர்த் கம்பியையும் அரிக்கிறது. அது அறுந்தாலும் விளக்கு எரியும், மோட்டார் ஓடும். ஆதலால் நாம் அதனைக் கவனிப்பதில்லை.

அக்கம்பியின் பணி யாது? மோட்டாரினுள் கம்பியின் உறை கெட்டு, 230 வோல்ட் மின்சாரம் இரும்புக் கூட்டில் ஏறினால், அதனை மண்ணுக்குள் செலுத்துவதே. வழியின் மொத்தத் தடை 5 ஓம் எனில் 46 ஆம்பியர் பாயும். 16 ஆம்பியர் பியூஸ் எரிந்து மின்சாரம் நின்றுவிடும். துருவினால் தடை 100 ஓமாக உயர்ந்தால் 2.3 ஆம்பியரே பாயும், பியூஸ் எரியாது. ஈரக் கையுடன் மோட்டாரைத் தொடுபவரின் உயிருக்கே ஆபத்து நேரும்.

ஆகவே கம்பியைத் தேர்ந்து வாங்குவோம். வீட்டினுள் பச்சை உறையிட்ட செம்புக் கம்பியே ஏற்றது; மின்சாரம் கொணரும் கம்பியின் பருமனே இதற்கும் வேண்டும். வெளியே துத்தநாகப் பூச்சிட்ட 8-ஆம் எண் இரும்புக் கம்பி வழக்கத்தில் உள்ளது. பூச்சு உரிந்த பழைய கம்பியை விலை மலிவென்று வாங்கலாகாது. சுவரிலிருந்து 1.5 மீட்டர் தள்ளி, 2.5 மீட்டர் நீளமுள்ள பூச்சிட்ட குழாயை மண்ணில் இறக்குதல் நன்று.

வாங்கிய கம்பியைக் காப்பதும் கடமையே. மண்வெட்டி படாதவாறு அதனைப் பிளாஸ்டிக் குழாயினுள் செலுத்துக. செம்பையும் இரும்பையும் நேரே முறுக்கிக் கட்டினால், உப்பீரத்தில் இரும்பு விரைந்து அரிபடும். குழாய்த் தலையில் போல்ட்டு இட்டு முடுக்கி, கிரீஸ் தடவி, மூடியுள்ள சிறு தொட்டி கட்டுக. குழியில் இடும் உப்பு ஈரத்தைக் காக்கும். ஆனால் இரும்பைத் தின்னும். மணற்பாங்கான நிலம் கோடையில் வறளுமாதலால் அக்காலத்தில் நீர் ஊற்றுக.

30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. கருவியையும் பொருத்துவது அவசியம். அது எர்த் கம்பிக்குத் துணையேயன்றி மாற்றன்று.

ஊராட்சி உறுப்பினர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஆண்டுதோறும் இடவப்பாதி மழைக்கு முன்னர், குடிநீர் மோட்டார், பள்ளி, தெருவிளக்குக் கம்பம் ஆகியவற்றின் எர்த் தடையை உரிமம் பெற்ற மின்பணியாளரைக் கொண்டு அளந்து, பதிவேட்டில் எழுதி வைப்போமாக. சென்ற ஆண்டினும் தடை மிகுந்திருப்பின், துரு தொடங்கிவிட்டதென அறிந்து உடனே பழுது நீக்குவோமாக. சிறு செலவில் ஓர் உயிரைக் காக்கும் பணி இது.