மிஞ்சும் முட்டையும் அயல் வீடும்

(தமிழ்நாட்டு மறுவாழ்வு முகாம்களில் இருந்து ஊர் திரும்பும் குடும்பங்களுக்கு வெள்ளவத்தையில் ஆற்றிய உரை)



இன்னும் சில நாட்களில் நீங்கள் மன்னாருக்கும் கிளிநொச்சிக்கும் முல்லைத்தீவுக்கும் புறப்பட்டுவிடுவீர்கள். காணி உறுதி, அடையாள அட்டை, பிள்ளைகளின் பாடசாலை அனுமதி பற்றியெல்லாம் மற்றவர்கள் சொல்லிவிட்டார்கள். நான் முட்டையைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன்.

மண்டபத்திலும் கும்மிடிப்பூண்டியிலும் அரச பள்ளிக்குப் போன உங்கள் பிள்ளைகளுக்கு மதியச் சத்துணவோடு அவித்த முட்டை கிடைத்தது. அதற்கு நீங்கள் காசு எண்ணவில்லை. இங்கே அந்த முட்டைக்கு நீங்கள்தான் வழி பார்க்க வேண்டும். அதனால் ஊருக்குப் போனதும் பலர் நாலைந்து கோழி வாங்குவீர்கள். கோழி முட்டையிடத் தொடங்கியதும் ஒரு கேள்வி வரும். பிள்ளைக்குக் கொடுப்பதா, விற்பதா, அயலட்டைக்குச் சும்மா கொடுப்பதா? இதைக் கோழி வாங்கும்போதே வீட்டில் பேசி முடிவெடுங்கள்.

2022இல் இங்கே என்ன நடந்தது என்று சொல்கிறேன். பொருளாதார நெருக்கடியில் கோழித் தீவனம் கிடைப்பது கஷ்டமானது, விலையும் ஏறியது. முட்டை விலையும் அதோடு ஏறியது. ஓகஸ்ட் மாதம் அரசாங்கம் வெள்ளை முட்டைக்கு 43 ரூபா, சிவப்பு முட்டைக்கு 45 ரூபா என்று உச்ச விலை வைத்தது. அந்த விலை கட்டாது என்றார்கள் பண்ணைக்காரர். காலி வீதிக் கடைகளில் முட்டை தேடி அலைந்தோம். 2023 மார்ச்சில் இந்தியாவிலிருந்து முட்டை இறக்கினார்கள். அதுவும் முதலில் பேக்கரிகளுக்குத்தான் போனது.

அந்த நாட்களில் எங்கள் ஒழுங்கையில் ஒரு அக்கா முட்டை விற்றார். கடற்கரைப் பக்கம் ஒரு பழைய வீடு. பின்வளவு சின்னது, ஆறு ஊர்க்கோழிகள். சேவல் கூவினால் பக்கத்து மாடி வீட்டார் குறை சொல்வார்கள் என்று அவர் சேவல் வைக்கவில்லை. சேவல் இல்லாமலும் கோழி முட்டையிடும், அந்த முட்டையில் குஞ்சு பொரிக்காது, அவ்வளவுதான். தன் வீட்டுக்கு எடுத்தது போக மிஞ்சியதை அவர் நாலு பேருக்கு மட்டும் கொடுத்தார். இரண்டு பேர் அவருடைய கந்தோரில் வேலை செய்பவர்கள், இரண்டு பேர் அயலவர். முட்டைத் தட்டுப்பாட்டில் கூட்டிக் காசு தருகிறோம் என்று புது ஆட்கள் கேட்டு வந்தார்கள். அவர் அந்த நாலு பேரை விடவில்லை. இன்றைக்குக் கடையில் முட்டை கிடைக்கிறது, ஆனாலும் நாங்கள் நாலு பேரும் அவரிடம்தான் வாங்குகிறோம். நானும் அதில் ஒருத்தி.

அவரிடம் நான் பார்த்துப் படித்ததைத்தான் உங்களுக்குச் சொல்கிறேன்.

முதலில் கணக்கு. ஊர்க்கோழி தினமும் முட்டையிடாது. பத்துப் பதினைந்து முட்டை இட்டதும் அடைக்கு உட்காரும். குஞ்சு பொரிக்க 21 நாட்கள், குஞ்சுகளோடு திரியும் காலத்திலும் முட்டை இல்லை. ஆறு கோழி இருந்தால் நாளுக்கு இரண்டு முட்டை என்று வைத்துக்கொள்ளுங்கள். கிழமைக்கு 14. இரண்டு பிள்ளைகளுக்கு ஒன்றுவிட்ட ஒரு நாள் ஒவ்வொரு முட்டை கொடுத்தால் ஏழு போய்விடும். மிச்சம் ஏழு. ஒன்று 50 ரூபா என்றால் கிழமைக்கு 350 ரூபா. இது குடும்பத்தைக் கொண்டு நடத்தாது. ஆனால் கோழியின் குருணலுக்கும் தடுப்பூசிக்கும் காணும், பிள்ளையின் கொப்பிக்கும் ஏதாவது மிஞ்சும். அதற்கு மேல் எதிர்பார்த்து பிள்ளையின் முட்டையில் கை வைக்க வேண்டாம்.

இரண்டாவது, யாருக்கு விற்பது. மூன்று நாலு வீடு போதும். உங்கள் வேலையிடம், பக்கத்து வீடு, பாடசாலை வாசலில் பழகும் ஒரு தாய். இத்தனை தருவேன் என்று வாக்குக் கொடுக்காதீர்கள், கோழி உங்கள் வாக்கைக் கேட்டு முட்டையிடாது. “இருந்தால் வெள்ளிக்கிழமை கொண்டு வருவேன்” என்று சொல்லுங்கள். கடையில் ஊர்க்கோழி முட்டை என்ன விலை என்று விசாரித்து, எல்லோருக்கும் ஒரே விலை வையுங்கள். ஒருவருக்குக் குறைத்தால் மற்றவருக்குத் தெரியாமல் போகாது.

மூன்றாவது, காசு. இதுதான் எங்கள் சனத்துக்குக் கஷ்டமான இடம். “தெரிந்தவரிடம் காசு வாங்குவதா, என்ன நினைப்பார்கள்?” நீங்கள் முப்பது வருடம் கழித்துப் போகிறீர்கள். இந்தியாவிலிருந்து வந்த ஆட்கள் என்று அயலில் பார்ப்பார்கள். நல்ல பெயர் எடுக்க வேண்டும் என்று கேட்டவர்களுக்கெல்லாம் சும்மா கொடுக்கத் தோன்றும். கொடுப்பதற்கு இடம் இருக்கிறது. பக்கத்தில் பிள்ளை பெற்ற தாய் இருந்தால், வருத்தக்காரர் இருந்தால் இரண்டு முட்டை கொண்டுபோய்க் கொடுங்கள், காசு பேச வேண்டாம். மற்ற நேரம் விலைக்குக் கொடுங்கள், கையோடு காசு வாங்குங்கள். கொப்பியில் எழுதும் கடன் கூடினால் கேட்கவும் கூச்சம், கேளாமல் இருக்கவும் மனவருத்தம். கடைசியில் அந்த மனிதர் உங்கள் வீட்டுப் படலையைத் தாண்டி வேறு பாதையால் போவார். அந்த அக்கா இதை ஒரு தரம் பட்டுத்தான் படித்தார்.

நாலாவது, நம்பிக்கை. முட்டையைக் காலையில் எடுத்து, காய்ந்த துணியால் துடைத்து, பென்சிலால் திகதி போடுங்கள். தண்ணீரில் கழுவி வைத்தால் கெதியாகப் பழுதாகும். உமி போட்ட பெட்டியில், கூர்ப்பக்கம் கீழே இருக்க, நிழலில் வையுங்கள். வெடித்ததையும், பற்றைக்குள் எத்தனை நாள் கிடந்தது என்று தெரியாமல் எடுத்ததையும் விற்க வேண்டாம். சந்தேகமான முட்டையைத் தண்ணீரில் போட்டுப் பாருங்கள். புதியது அடியில் படுத்துக் கிடக்கும், பழையது நிமிரும், மிதப்பதை எறிந்துவிடுங்கள். பழுது என்று யாராவது சொன்னால் வாதாடாமல் வேறொன்று கொடுங்கள்.

கடைசியாக, கோழி உயிரோடு இருக்க வேண்டும். இராணிக்கெட் நோய் வந்தால் மருந்தில்லை, ஒரு கிழமைக்குள் கூடு வெறுமையாகிவிடும். தடுப்பு மருந்து உண்டு. ஊர் போனதும் உங்கள் பகுதி அரச கால்நடை வைத்தியர் அலுவலகம் எங்கே என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். புதிதாக வாங்கும் கோழியை இரண்டு கிழமை தனியாக அடையுங்கள். வருத்தக் கோழிக்கு மருந்து கொடுத்தால், எத்தனை நாளைக்கு அதன் முட்டையை விற்கவும் உண்ணவும் கூடாது என்று வைத்தியரிடம் கேளுங்கள். கீரிக்கும் மரநாய்க்கும் எட்டாதபடி இரவில் கூட்டைப் பூட்டுங்கள்.

முதல் முட்டை பிள்ளைக்கு. மிஞ்சினால் அயலுக்கு, விலைக்கு. இதை வீட்டில் எல்லோரும் ஒத்துக்கொண்டு தொடங்குங்கள். நல்லபடியாகப் போய்ச் சேருங்கள்.