இலவசப் படுக்கைக்கும் அதே உரிமை

(ஆதரவாளர்கள் கூடுகையில் மருத்துவமனைப் போதகர் ஆற்றிய உரை)



உங்கள் காணிக்கைகளினால் ஏழைகள் பலர் நமது மருத்துவமனையில் இலவசமாய்ச் சிகிச்சை பெறுகிறார்கள். அதற்காக உங்களுக்கு நன்றி செலுத்துகிறோம். ஆதரவாளர்களில் சிலர் ஒரு கேள்வி கேட்பதுண்டு. "தர்மமாய்ப் பார்த்த இடத்தில் தவறு நேர்ந்தால், நோயாளி நஷ்டஈடு கேட்பது நியாயமா?" இன்று அதைக் குறித்தே பேச விரும்புகிறோம்.

1986ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் மருத்துவர்களுக்கும் பொருந்துமா என்ற விவாதம் வெகுநாள் நடந்தது. நோயறிந்து சிகிச்சை அளிப்பது அச்சட்டம் சொல்லும் சேவை அல்ல என்று 1994இல் சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1995 நவம்பர் 13 அன்று வி.பி. சாந்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. எவரிடமும் கட்டணம் வாங்காத மருத்துவமனை மட்டும் சட்டத்துக்கு வெளியே நிற்கும். வசதியுள்ளவரிடம் வாங்கிக்கொண்டு, இல்லாதவருக்கு இலவசமாய்ப் பார்க்கிற இடத்தில் இருவருக்கும் ஒரே உரிமை. அரசு மருத்துவமனைகளுக்கும் இதுவே அளவுகோல். இ.எஸ்.ஐ. மருத்துவமனைக்குப் போகிறவருக்கும் இவ்வுரிமை உண்டென்று 2007இல் அதே நீதிமன்றம் சொன்னது. நமது ஊர் செராமிக் தொழிலாளியிடம் இ.எஸ்.ஐ. அட்டை இருந்தால் அவருக்கும் இது பொருந்தும்.

இப்போது நடப்பில் இருப்பது 2019ஆம் ஆண்டுச் சட்டம். விருத்தாசலத்தில் குடியிருப்பவர் கடலூரிலுள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனுக் கொடுக்கலாம். சம்பவம் நடந்து 2 ஆண்டுகளுக்குள் கொடுக்கவேண்டும். வக்கீல் கட்டாயமில்லை. சிகிச்சைக்குக் கட்டிய தொகை 5 லட்சம் ரூபாய்க்கு மேற்படாவிட்டால் மனுக் கட்டணமும் இல்லை. நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் மருத்துவக் குறிப்புகளைக் கொடுக்கவேண்டும் என்பது மருத்துவக் கவுன்சிலின் 2002ஆம் ஆண்டு விதி.

நோய் குணமாகவில்லை என்பதற்காக மட்டும் ஒரு மருத்துவர் குற்றவாளி ஆகிவிடமாட்டார். தேர்ச்சியுள்ள மருத்துவர் எடுக்கவேண்டிய நியாயமான கவனம் எடுக்கப்பட்டதா என்றே ஆணையம் பார்க்கும். மருத்துவர்மேல் கிரிமினல் வழக்குத் தொடர மிகக் கொடிய அலட்சியம் தெரியவேண்டும் என்று 2005இல் ஜேக்கப் மாத்யூ வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது.

கவனம் தவறினால் என்னவாகும்? 1996 ஆகஸ்டில் எழும்பூர் அரசு மருத்துவமனையில் 29ஆம் வாரத்திலேயே ஒரு பெண் குழந்தை பிறந்தது. எடை 1,250 கிராம். இப்படிக் குறைமாதத்தில் பிறக்கும் பிள்ளைகளுக்கு விழித்திரை கெட்டுப்போகும் அபாயம் உண்டு. சில வாரங்களுக்குள் கண்ணைப் பரிசோதித்தால் பார்வையைக் காக்கலாம். அந்தப் பரிசோதனை நடக்கவில்லை. குழந்தை பார்வை இழந்தது. தேசிய ஆணையம் 2009இல் 5 லட்சம் ரூபாய் கொடுக்கச் சொன்னது. 2015 ஜூலையில் உச்ச நீதிமன்றம் அதை ஏறக்குறைய 1 கோடியே 80 லட்சமாக உயர்த்தியது. அதற்குள் அந்தப் பிள்ளைக்கு 18 வயது முடிந்திருந்தது. அத்தனை வருஷமும் செலவையும் அலைச்சலையும் சுமந்தவர்கள் பெற்றோர்.

பிரியமானவர்களே, இது நமக்குப் புதிய போதனை அல்ல. ஒருவனை அடித்துப் படுக்கையில் தள்ளியவன், அவன் வேலைக்குப் போகாத நாட்களின் இழப்பையும் குணமாகும் செலவையும் ஏற்கவேண்டும் என்று யாத்திராகமம் 21ஆம் அதிகாரம் சொல்லுகிறது. அடிபட்டவன் ஏழையா என்று அங்கே கேள்வியில்லை. இலவசமாய்ப் படுத்திருக்கிறவரின் கண்ணும் காலும், காசு கட்டினவருடையதைப்போலவே விலையேறப்பெற்றவை. தினக்கூலிக்கு ஒரு கை போனால் குடும்பத்தின் அடுப்பே அணைந்துபோகும்.

ஆகையால் உங்களிடம் ஒரு வேண்டுகோள். எந்த மிஷன் மருத்துவமனையின் வரவுசெலவுக் கணக்கிலும் தொழில்பொறுப்புக் காப்பீட்டுப் பிரீமியம், குறிப்பேட்டு அறை, நர்சுகளின் பயிற்சி என்ற வரிகளைக் கண்டால் வீண்செலவு என்று எண்ணாதிருங்கள். புதிய கட்டிடத்தில் பெயர்க்கல் பதிக்கலாம். இவற்றில் பதிக்க முடியாது. ஆனாலும் தவறைத் தடுப்பதும், தடுக்க முடியாதபோது ஏழைக்கு ஈடுசெய்வதும் இவையே. கொடுக்கிற கை, கேள்வி கேட்கிற ஏழையின் வாயை மூடாதிருக்கட்டும்.