தசை விடும் தூது



ஹட்டன் மலைச்சரிவுகளில் கொழுந்துக்கூடை சுமந்து ஏறியிறங்கிய அன்னையர், ஓய்வு பெற்றபின் லயத்து வாசலிலேயே அமர்ந்துவிடுகின்றனர். "உழைத்தது போதும், இருங்கள்" என்று பிள்ளைகளும் அன்பினால் தடுக்கின்றனர். சுமை நீங்கியது நன்று. நடையும் நின்றுவிடுதல் நன்றன்று.

உழைக்கும் தசை, இன்டர்லூக்கின் 6 முதலிய புரதங்களைக் குருதியில் விடுகின்றது. அவை ஈரலுக்கும் கொழுப்புக்கும் செய்தி கொண்டு செல்வன. டென்மார்க்கு நாட்டு மருத்துவ அறிஞர் பெடர்சனும் குழுவினரும் 2003இல் அவற்றுக்கு 'மயோகைன்' எனப் பெயரிட்டனர். அன்றியும், இயங்கும் தசை இன்சுலினை எதிர்பாராமலே குருதியிலுள்ள சர்க்கரையை ஈர்த்துக்கொள்ளும். இந்நலனோ ஓரிரு நாளில் தேய்ந்துவிடும்.

ஆதலின், நீரிழிவு கண்டோர் மருத்துவர் தந்த மருந்தை நிறுத்தாமலே நாள்தோறும் நடத்தல் வேண்டும். பிள்ளைகளே, அன்னையரைத் தடுக்காதீர்கள். மாலையில் கைபிடித்து உடன் நடந்து செல்லுங்கள்.