படிப்பு, செய்தி, கோடை வேலை
(சங்கத்தின் ஏப்ரல் மாதக் கூட்டத்தில் பேசியது)

நான் 'பி' பிளாக்கில் சித்தி வீட்டில் தங்கி இங்கே மதுரையில் படிக்கிறேன். சொந்த ஊர் விளாத்திகுளம் பக்கம் நாகலாபுரம். "பத்திரிகைக்கு எழுதுறியாமே, அதைப் பத்திப் பேசும்மா" என்று செயலாளர் மாமா சொன்னார்.

மாணவப் பத்திரிகையாளர் என்றதும் பலருக்கும் விகடன் ஞாபகம் வரும். எஸ். பாலசுப்ரமணியன் ஆசிரியராக இருந்தபோது 1980களில் தொடங்கிய திட்டம் அது. நான் எழுதுவது வேறொரு சின்ன இதழுக்கு. வார நாளில் வகுப்பு, சனி ஞாயிறு செய்தி.

சனிக்கிழமை என்றால் பஸ்தான். 2021 முதல் டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை. ஊரைச் சுற்றி அலைய அது போதும். ஆனால் மதுரையிலிருந்து அருப்புக்கோட்டை, பந்தல்குடி வழியாக ஊருக்குப் போகக் காசு வேண்டும். எழுதிக் கிடைக்கும் பணம் அதற்கே சரியாகிவிடும். பேட்டி கொடுப்பவர் மனசுவிட்டுப் பேச ஆரம்பிக்கும்போதுதான் கடைசி பஸ் ஹாரன் அடிக்கும், அது தனிக்கதை.

பெரிய சிக்கல் கோடைதான். எங்களுடையது மானாவாரிக் கரிசல். ஐப்பசி மழையை நம்பி விதைத்த உளுந்து, பாசி, கம்பு தை, மாசியில் வீடு வந்துவிடும். சித்திரையில் காட்டில் வேலை கிடையாது. சீமைக்கருவேலம் வெட்டிக் கரிமூட்டம் போடுவார்கள். தீப்பெட்டி ஆபீசுக்குப் போவார்கள். தூத்துக்குடிப் பக்கம் உப்பளத்துக்குப் போவார்கள். உப்புக்கு வெயில்தானே சீசன். கல்லூரிப் பிள்ளைகளும் அதே வேலைக்கோ துணிக்கடைக்கோ போய்த்தான் அடுத்த வருஷ ஃபீஸ் சேர்க்கிறார்கள்.

பத்திரிகைகளில் பயிற்சிக்கு எடுப்பதும் அதே இரண்டு மாதம்தான். பெரும்பாலும் சென்னையில். பல இடங்களில் சம்பளம் இல்லை, 'அனுபவம் கிடைக்கும்' என்பார்கள். மெஸ்ஸில் அனுபவத்தை வாங்கிக்கொண்டு சாப்பாடு போட மாட்டார்கள். வீட்டிலிருந்து பணம் வருகிறவர்தான் போக முடியும்.

இதில் எனக்கு என்ன வருத்தம் என்றால், மூட்டம் போடுகிற வீட்டுப் பிள்ளை மூட்டத்தைப் பற்றி எழுத வழியில்லாமல் போகிறது. தீ வைத்தபின் ராத்திரியெல்லாம் காவல் இருக்க வேண்டும். புகையின் நிறத்தைப் பார்த்தே உள்ளே விறகு எப்படி இருக்கிறது என்று சொல்வார்கள். ஒரு நாள் காரில் வந்து போகிறவருக்கு அது பிடிபடாது.

எங்கள் பக்கத்து இடைசெவல்காரர் கு. அழகிரிசாமி சென்னைக்குப் போய்ப் பத்திரிகையில் சேர்ந்தார். 1950களில் மலேயா வரை போய்த் 'தமிழ் நேசன்' நாளிதழில் வேலை பார்த்தார். அத்தனை தூரம் போனாலும் அது சம்பளத்துக்குப் போன வேலை.

ஆகவே சம்பளமில்லாத சென்னைப் பயிற்சிக்கு இந்தக் கோடையில் நான் போகவில்லை. காலையில் இங்கே அரைநாள் வேலை, மதியத்துக்கு மேல் எழுத்து, சனிக்கிழமை ஊர் என்று வைத்திருக்கிறேன். உங்களில் அச்சகம், கடை, ஆடிட்டர் ஆபீஸ் வைத்திருப்பவர்கள் இருக்கிறீர்கள். தமிழ் டைப்பிங், புரூஃப் திருத்தம், கணக்கு எழுதுவது எதுவானாலும் சரி, சம்பளம் பேசிக்கொள்ளலாம். எனக்கு மட்டுமில்லை, ஊரிலிருந்து என் ஜூனியர் பிள்ளைகள் இரண்டு பேர் வருகிறார்கள். மே முதல் வாரம் பரீட்சை முடிகிறது. வேலை இருந்தால் செயலாளர் மாமாவிடம் சொல்லிவிடுங்கள்.