சிவப்பு எழுத்தைக் கண்டு பயம் வேண்டாம்!



மொபைலில் ஒரு விண்ணப்பத்தைப் பூர்த்தி செய்கிறீர்கள். சமர்ப்பித்ததும், ‘பின்கோடு 6 இலக்கமாக இருக்க வேண்டும்’ என்று சிவப்பு எழுத்தில் வருகிறது. அதற்காக யாரும் போனைத் தூக்கிப் போடுவதில்லை. பின்கோடைச் சரிசெய்து மறுபடி அனுப்புகிறோம். அதே சிவப்பு எழுத்து, புரோகிராம் எழுதிப் பழகும்போது வந்தால் மட்டும் ஏன் கை நடுங்குகிறது?

எங்க வீட்டில் நடந்ததைச் சொல்றேன். தங்கை பிளஸ் ஒன் கம்ப்யூட்டர் சயின்ஸ் மாணவி. சி பிளஸ் பிளஸ்ஸில் மூன்று பாட மதிப்பெண்களின் சராசரி காணும் புரோகிராம் எழுதினாள். 20 வரிகூட இல்லை. பிழைகள் மட்டும் 14! “எனக்கு இது வராதுக்கா, குரூப் மாத்திக்கிறேன்” என்று அழுதேவிட்டாள். நான் இதழியல் படித்தவள். எனக்கும் இது புதுசுதான். ஆனா எதையும் வரிவரியாப் படிக்கிற பழக்கம் உண்டு. இரண்டு பேரும் உட்கார்ந்து படித்தோம்.

கம்பைலர் என்பது நாம் எழுதுவதை இயந்திர மொழிக்கு மாற்றும் மென்பொருள். அதற்கு ஊகிக்கத் தெரியாது. இலக்கணம் பிசகினால் நின்றுவிடும். அது நம்மைத் திட்டுவதில்லை. ‘இந்த இடம் எனக்குப் புரியவில்லை’ என்கிறது, அவ்வளவுதான். எந்த ஃபைல், எத்தனையாவது வரி, அந்த வரியில் எத்தனையாவது எழுத்து என்று முகவரியும் தருகிறது. ‘5:3’ என்றால் 5வது வரி, 3வது எழுத்து.

முதல் பாடம்: முதல் பிழையை மட்டும் பாருங்க. தங்கையின் முதல் பிழை, ‘இன்ட்’ என்ற சொல்லுக்கு முன் வேறு ஏதோ வந்திருக்க வேண்டும் என்றது. அது காட்டிய வரியில் தப்பே இல்லை! ஒரு வரி மேலே போய்ப் பார்த்தால், ‘மெயின்’ என்பதற்குப் பிறகு கர்லி பிராக்கெட் திறக்கப்படவில்லை. அதைப் போட்டதும் 14 பிழைகளில் 13 காணாமல் போயின. செமிகோலன் விட்டுப்போனாலும் சில நேரம் இப்படித்தான்; அடுத்த வரியைக் கைகாட்டும். அதனால் மேல்வரியையும் பாருங்கள்.

மீதி ஒன்று, ‘டோட்டல்’ என்ற பெயர் அறிவிக்கப்படவே இல்லை என்றது. மேலே பெரிய எழுத்தில் தொடங்கியிருந்தாள், கீழே சின்ன எழுத்து. சி பிளஸ் பிளஸ்ஸுக்கு இரண்டும் வேறு வேறு பெயர்கள். இதுவும் சரியானது.

மொபைலில் இருந்து காப்பி செய்கிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. அதில் வளைந்த மேற்கோள் குறிகள் இருந்தால் கம்பைலர் ஏற்காது. அழித்துவிட்டு நேரான குறிகளை நீங்களே டைப் செய்யுங்கள்.

பிழை போய்விட்டது, விடை சரியா? அங்கேதான் அடுத்த சிக்கல். மொத்தம் 250, 3 ஆல் வகுத்தால் 83.33 வரணும். திரையில் 83 மட்டும். முழு எண்ணை முழு எண்ணால் வகுத்தால் தசமப் பகுதி வெட்டப்படும். இங்கே கம்பைலர் வாயே திறக்காது, ஏனென்றால் இலக்கணம் சரி. ஆகவே விடை தெரிந்த கணக்கைக் கொடுத்துச் சரிபார்ப்பது நம் வேலை. 3 என்பதை 3.0 என்று மாற்றி, விடையைத் தசம எண் வகையில் வைத்ததும் சரியாக வந்தது.

1947 செப்டம்பர் 9 அன்று, ஹார்வர்டு மார்க் 2 கணினியின் ரிலேவில் ஓர் அந்துப்பூச்சி சிக்கியிருந்தது. அதை எடுத்தவர்கள் பதிவேட்டிலேயே ஒட்டி, நேரத்தோடு குறித்துவைத்தார்கள். நீங்களும் ஒரு நோட்டு போடுங்க. வந்த செய்தி, காரணம், சரிசெய்த விதம் என மூன்றே வரி போதும். அதே பிழை மறுபடி வரும்போது பழைய ஆளைப் பார்த்த மாதிரி இருக்கும்.

தங்கை குரூப் மாற்றவில்லை. இப்பவும் பிழை வருது, அழுகைதான் வருவதில்லை.

இன்று ஒரு சின்னப் பயிற்சி. மொபைல் பிரவுசரிலேயே இயங்கும் ஆன்லைன் கம்பைலரில், சரியாக ஓடும் ஐந்து வரி புரோகிராம் ஒன்றை எழுதுங்கள். பிறகு வேண்டுமென்றே ஒரு செமிகோலனை எடுத்துவிட்டு, என்ன சொல்கிறது என்று நிதானமாகப் படித்துப் பாருங்கள். நாமே வைத்த பிழைக்கு நாம் ஏன் பயப்படப் போகிறோம்?