புலால் துறந்த உடல்

(ஆண்டு விழாவில் ஆற்றிய சொற்பொழிவு)

புலால் மறுத்தலுக்குத் திருவள்ளுவர் ஓர் அதிகாரமே வகுத்துள்ளார். அஃது அறத்தின் வழி. இன்று நான் பேச எழுந்தது அறத்தைப் பற்றியன்று, உடலைப் பற்றி. புலால் உண்டு பழகிய ஒருவர் மரக்கறி உணவுக்கு மாறும்போது உடல் அம்மாற்றத்தை எவ்வாறு ஏற்கிறது என்பதே என் பொருள்.

இப்பேச்சுக்கு என் இல்லமே காரணம். பிழைப்பை நாடி அகமதாபாத்துக்கு வந்த எங்களுக்கு வீடு தந்தவர், புலால் சமைத்தல் கூடாது என்ற ஒரே நிபந்தனையை விதித்தார். நாங்களோ மீன்குழம்பில் வளர்ந்தவர்கள். ஆயினும் இசைந்தோம். நாளடைவில் அவ்வுணவே எங்கள் விருப்பமும் ஆயிற்று.

முதல் வாரத்தில் வயிறு முறையிட்டது. பருப்பிலும் பயற்றிலும் உள்ள சிலவகைச் சர்க்கரைகளைச் செரிக்கும் ஆற்றல் மனிதக் குடலுக்கு இல்லை. பெருங்குடலில் வாழும் நுண்ணுயிர்கள் அவற்றைப் புளிக்கச் செய்கின்றன, வாயு பிறக்கிறது. ஆனால் உணவு மாறினால் சில நாட்களிலேயே அந்நுண்ணுயிர்க் கூட்டமும் மாறத் தொடங்கும் என்பதை 2014இல் வெளிவந்த ஆராய்ச்சியொன்று காட்டிற்று. பயற்றைச் சிறிது சிறிதாகக் கூட்டுக. இரவில் ஊறவைத்து, அந்நீரைக் கொட்டிவிட்டு வேகவைத்தால் தொல்லை குறையும். சில வாரங்களில் பெரும்பாலோர்க்கு வயிறு பழகிவிடும்.

அடுத்தது இரும்புச் சத்து. புலாலில் உள்ள இரும்பின் ஒரு பகுதி எளிதில் உடலிற் சேரும். கீரையிலும் தானியத்திலும் உள்ளது அவ்வளவு எளிதிற் சேராது. இங்கும் உடல் தன்னைத் திருத்திக்கொள்கிறது. இருப்புக் குறையுந்தோறும் குடல் மிகுதியாக ஈர்த்துக்கொள்கிறது. நாமும் அதற்கு உதவலாம். உணவோடு எலுமிச்சையோ நெல்லிக்காயோ சேர்ந்தால் இரும்பு நன்கு சேரும். உணவோடு தேநீர் பருகினால் அது தடைப்படும். ஆதலின் உண்டபின் ஒரு மணி நேரமாவது கழித்துத் தேநீர் அருந்துக.

இவற்றிலெல்லாம் உடல் பழகிக்கொள்கிறது. ஆனால் உடல் பழகவும் இயலாத, உடனே முறையிடவும் செய்யாத குறை ஒன்று உண்டு. அதுவே பி 12 என்னும் உயிர்ச்சத்தின் குறை. 1926இல் அமெரிக்க மருத்துவர்களான மைனாட்டும் மர்பியும், கொடிய சோகையால் வாடியோர்க்கு ஈரலை உண்ணக் கொடுத்து உயிர் காத்தனர். அவ்வீரலில் மறைந்திருந்த பொருள் 1948இல் பிரித்தெடுக்கப்பட்டது. அது நமக்குப் புலால், மீன், முட்டை, பால் ஆகியவற்றின் வழியே கிடைக்கிறது. கீரையிலும் காயிலும் பருப்பிலும் நம்பத்தக்க அளவில் இல்லை. நாளொன்றுக்கு வேண்டுவது ஏறத்தாழ 2 மைக்ரோகிராம்தான். நம் ஈரலோ சில ஆண்டுகளுக்குப் போதுமானதைச் சேர்த்து வைத்திருக்கிறது. ஆகவே வரவு நின்றபின்னும் நெடுநாள் குறை தோன்றாது. "மூன்று ஆண்டுகள் ஆயின, எனக்கு ஒன்றும் ஆகவில்லை" என்று ஒருவர் சொல்லும்போது, அவர் பழைய சேமிப்பைச் செலவிட்டுக் கொண்டிருக்கலாம்.

என் தாயார்க்கு நேர்ந்தது இதுவே. சளி பிடிக்குமென்று அவர் தயிரை விலக்கினார். பாலின்றியே தேநீர் குடித்தார். நான்காம் ஆண்டில் பாதங்கள் மரத்தன, நடை தள்ளாடிற்று. "வயசாச்சுப்பா" என்றார், நாங்களும் நம்பினோம். குருதியைச் சோதித்த மருத்துவர் குறையைக் கண்டறிந்து ஊசி மருந்து கொடுத்தார். சோகை நீங்கிற்று, நடையும் தேறிற்று. கால்விரல்களின் மரமரப்பு மட்டும் இன்றளவும் முற்றும் நீங்கவில்லை. நரம்பு நெடுநாள் கெட்டபின் முழுதும் மீள்வது அரிது.

சோகை என்றதும் தாமாகவே போலிக் அமில மாத்திரையை விழுங்குவோர் உளர். அது சோகையை மறைத்துவிடக்கூடும். பி 12 குறைவால் கெடும் நரம்பைக் காவாது. ஆகவே சோதனையின்றி மருந்துண்ணல் வேண்டா.

மரக்கறி உணவை விட்டுவிடுமாறு நான் கூறவில்லை, நாங்களும் விடவில்லை. நாள்தோறும் பாலும் தயிரும் கொள்ளுங்கள். பாலையும் துறந்தவர்கள் மருத்துவர் சொற்படி பி 12 மாத்திரை கொள்ளுதல் இன்றியமையாதது. கருவுற்ற தாய்மார்களும் பாலூட்டும் தாய்மார்களும் இதில் மிகவும் கருத்தாக இருத்தல் வேண்டும். குழவிக்குரிய பங்கும் அவர்களிடமிருந்தே செல்கிறது. முதியோர்க்கு, பால் பருகினும் இச்சத்து குடலிற் சேர்வது குறையலாம். அவர்கள் குருதியைச் சோதித்துக்கொள்வது நலம்.

அன்பர்களே! விழா முடிந்து இல்லம் சென்றதும், உங்கள் வீட்டு முதியோரிடம் "பாதம் மரத்துப் போகிறதா?" என்று ஒருமுறை கேளுங்கள். நாங்கள் உரிய காலத்தில் கேட்கத் தவறினோம். நீங்கள் தவற வேண்டா.